வண்டி வரும் வரை தீயோடு மல்லுக்கட்டுவது யார்?
தீயணைப்புப் படையில் ஊர் இளைஞர்களுக்கும் இடம்! கேரளா செய்து காட்டியது. சேலம், நாமக்கல் சீமைக்கும் பொருந்துமா?

சேலம்–

வைக்கோல் லாரி மின்கம்பியில் உரசினால் போதும். ஒரே ஒரு பொறி. அடுத்த நிமிடம் குபீர் என்று பற்றிக்கொள்ளும். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் அறுவடைக் காலம் வந்துவிட்டால் இது அடிக்கடி நடக்கிற சங்கதி.

பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர்தான் முதலில் பார்ப்பார். "ஏனுங்க, வண்டி எரியுதுங்க! ஊருக்குள்ள உடாதீங்க, ஏரிப் பக்கம் ஓட்டுங்க!" என்று கத்திக்கொண்டே முந்துவார். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். ஒருத்தர் குடத்தோடு வருவார். ஒருத்தர் பக்கத்துத் தோட்டத்து மோட்டாரைப் போட ஓடுவார். யாரோ ஒருத்தர் 101-க்குப் போன் போடுவார்.

சிவப்பு வண்டி மணி அடித்துக்கொண்டு வந்து சேருவதற்குள் பாதிக் கதை முடிந்திருக்கும். அந்தப் பாதிக் கதையின் நாயகர்கள் சம்பளம் வாங்காதவர்கள், காக்கி போடாதவர்கள், எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாதவர்கள். தீ அணைந்ததும் கையைக் கழுவிக்கொண்டு மறுபடியும் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். கையில் கொப்புளம் இருந்தால் அது அவர் பாடு.

இவர்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து, அரசாங்கத் தீயணைப்புப் படையோடு சேர்த்துவிட்டால் என்ன? கேள்வி புதிது அல்ல. பல நாடுகள் கேட்டு, விடையும் கண்ட கேள்விதான். பக்கத்துக் கேரளா 2019-ல் விடை கண்டது.

20 நிமிடக் கணக்கு

தீயணைப்பு வண்டி எத்தனை நிமிடத்தில் வரவேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நகரம் என்றால் 5 முதல் 7 நிமிடம். கிராமம் என்றால் 20 நிமிடம். இது காகிதக் கணக்கு. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் சூரமங்கலத்திலும் நிலையங்கள் உண்டு. ஓமலூர், எடப்பாடி, ஆத்தூர், மேட்டூர், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, குமாரபாளையம் என்று சுற்றிலும் நிலையங்கள் உண்டு. ஆனாலும் வண்டிப்பாதை ஓரத்தில் தனியாக நிற்கிற தோட்டத்து வீட்டைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர 20 நிமிடம் என்பது அதிர்ஷ்டம் இருந்தால்தான். கொல்லிமலைக்குக் கீழேயிருந்து கூடுதல் வண்டி போகவேண்டும் என்றால் நாமக்கல் பக்கத்து மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்.

20 நிமிடத்தில் என்ன ஆகும்? கூரை வீடு என்றால் முதல் 5 நிமிடத்திலேயே சாம்பல். அப்புறம் பக்கத்துக் கூரை, அதற்குப் பக்கத்துக் கூரை. அந்த நேரத்தில் ஊர்க்காரர் செய்கிற வேலை தண்ணீர் ஊற்றுவது மட்டும் அல்ல. விவரம் தெரிந்த பெரியவர் இருந்தால், "எரியறதை உடுங்கடா! அடுத்த ஊட்டுக் கீத்தைப் பிடுங்கிப் போடுங்க!" என்பார். எரிகிற வீடு போய்விட்டது. எரியாத வீட்டைக் காப்பாற்று என்பது கணக்கு. வைக்கோல் போரிலும் அப்படித்தான். மேலே நனைத்தால் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். பிரித்துப் போட்டால்தான் அடங்கும். அதற்கு ஆள் பலம் வேண்டும். வண்டியில் வருகிற ஐந்தாறு பேருக்கு அது ஆகிற காரியம் இல்லை.

கிணறு உண்டு, தண்ணீர் எட்டாது!

தண்ணீர்ச் சங்கதி இன்னும் வேடிக்கையானது. பெரிய தீயணைப்பு வண்டியில் சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். முழு வேகத்தில் பீய்ச்சினால் சில நிமிடங்களில் தொட்டி காலி. மறுபடி நிரப்பவேண்டும். எங்கே?

இந்தச் சீமையில் கிணற்றுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் 60 அடி, 80 அடி, 100 அடி என்று பாறையைக் குடைந்து இறங்கிய கிணறுகள். வெயில் காலத்தில் தண்ணீர் அடியில் கிடக்கும். தீயணைப்பு வண்டியின் பம்பு குழாய் வழியாக உறிஞ்சுவதற்கு ஓர் எல்லை உண்டு. காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. நடைமுறையில் 25 அடி ஆழத்துக்கு மேல் அது தள்ளாது. எவ்வளவு விலை உயர்ந்த வண்டியாக இருந்தாலும் இதுதான் நிலை. கிணற்று மேட்டில் வண்டி நிற்கும், கண்ணுக்குத் தண்ணீர் தெரியும், எடுக்க முடியாது!

அப்போது கை கொடுப்பது விவசாயியின் மோட்டார். கிணற்றுக்குள்ளேயே இறக்கி வைத்திருப்பதால் அது தண்ணீரைத் தள்ளிவிடும். இதிலும் ஒரு சிக்கல். தீ என்றதும் முதல் வேலையாக மின்சாரத்தைத் துண்டிப்பார்கள். துண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அதே லைனில் மோட்டாரும் படுத்துவிடும். எந்தத் தோட்டம் வேறு டிரான்ஸ்பார்மரில் இருக்கிறது, யாரிடம் டீசல் என்ஜின் கிடக்கிறது, எந்தக் கோழிப்பண்ணையில் மேல்தொட்டி நிறைந்திருக்கிறது, யாருடைய டிராக்டர் டேங்கர் சும்மா நிற்கிறது? வெளியூரிலிருந்து மாறுதலில் வந்த நிலைய அலுவலருக்கு இது எப்படித் தெரியும்? ஊர்க்காரனுக்குத் தெரியும். ராத்திரி 2 மணிக்கு எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான்.

தீயணைப்புப் படைக்கு ஊர்க்காரர் வேண்டும் என்பதற்கு உபதேசம் எதுவும் தேவை இல்லை. இந்த 25 அடிக் கணக்கு ஒன்றே போதும்.

குண்டு மழையில் பிறந்த படை

வெள்ளைக்கார தேசத்துக் கதை ஒன்று. இரண்டாம் உலகப் போர் வரப்போகிறது என்று தெரிந்ததும் பிரிட்டன் 1938-ல் துணைத் தீயணைப்புப் படை என்று ஒன்றைத் தொடங்கியது. குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள், டிரைவர்கள், பெண்கள் என்று பலரும் சேர்ந்தார்கள். முதல் வருடம் குண்டு விழவில்லை. "பட்டாளத்துக்குப் போக பயந்து இங்கே ஒளிந்து கொண்டார்கள்" என்று ஊரே கேலி பேசியது. பழைய படைக்காரர்களும் இவர்களை மதிக்கவில்லை.

1940-ல் லண்டன் எரிந்தது. ராத்திரிக்கு ராத்திரி குண்டு. கேலி பேசிய வாய்கள் அடைத்துப் போயின. காயம் பட்டவர்களுக்கோ குறிப்பிட்ட சில வாரங்களுக்குத்தான் சம்பளம். அதற்கு மேல் வீட்டுக்குப் போ என்கிற நிலை. சங்கம் போராட வேண்டியிருந்தது.

அப்போது அந்த நாட்டில் சுமார் 1,600 தீயணைப்புப் படைகள். ஊருக்கு ஒரு படை, படைக்கு ஒரு சட்டம். கொடுமை என்னவென்றால் ஓர் ஊர்க் குழாய் மற்றோர் ஊர்த் தண்ணீர்க் குழாயில் பொருந்தவில்லை! 1941-ல் பிளிமத் நகரம் எரிந்தபோது உதவிக்கு ஓடிவந்த வண்டிகள் குழாயை மாட்ட முடியாமல் நின்றன. அதே வருடம் ஆகஸ்டு மாதம் எல்லாப் படைகளையும் துணைப் படையோடு சேர்த்து ஒரே தேசியத் தீயணைப்புப் படை ஆக்கினார்கள். ஒரே பதவி வரிசை, ஒரே சீருடை, ஒரே அளவுக் குழாய். உச்சத்தில் 3 லட்சத்து 70 ஆயிரம் பேர் இருந்தார்கள். அதில் 80 ஆயிரம் பேர் பெண்கள். போர் முடிந்தபின் 1948-ல் படை மறுபடியும் உள்ளூர் நிர்வாகங்களிடம் போனது. குழாய் அளவு மட்டும் பழையபடி ஆகவில்லை.

தமிழர்கள் நிறைந்த மலேசியாவிலும் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக இருந்த படைகள் 1976 ஜனவரி 1-ந் தேதி மத்திய அரசின் கீழ் ஒன்றாயின. அங்கே தன்னார்வத் தீயணைப்புக் குழுக்கள் இன்றும் உண்டு. 1988-ம் ஆண்டுச் சட்டம் அவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

நம் நாட்டில் தேசியத் தீயணைப்புப் படை என்று ஒன்று கிடையாது. நாக்பூரில் தேசியத் தீயணைப்புக் கல்லூரி உண்டு. அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் பட்டாலியன் உண்டு. ஆனால் தீயை அணைப்பது மாநிலத்தின் வேலை. அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணையோ அதை நகராட்சிகளின் வேலைகளில் ஒன்றாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 1985-ம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநில அரசே படையை நடத்துகிறது. சேலத்து வண்டியின் குழாய் நாமக்கல்லில் மாட்டாது என்கிற பயம் நமக்கு இல்லை. அந்த மட்டில் நாம் தேவலை.

கேரளா செய்த காரியம்

2018 வெள்ளத்தில் கேரளா மூழ்கியது. மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஆயிரக்கணக்கானவர்களை மீட்டார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. அரசாங்கம் அதிலிருந்து ஒரு பாடம் படித்தது. இப்படி ஓடிவருகிற ஆட்களை ஏன் முன்கூட்டியே பட்டியல் போட்டு வைக்கக்கூடாது?

மறு வருடமே உத்தரவு வந்தது. குடிமைப் பாதுகாப்புப் படை தீயணைப்புத் துறையின் கீழ் வந்தது. அப்போதிருந்த 124 நிலையங்களில் ஒவ்வொன்றுக்கும் 50 பேர். மொத்தம் 6,200 பேர். ஆண்களும் பெண்களும் உண்டு. சம்பளம் கிடையாது. பயிற்சி, சீருடை, அடையாள அட்டை உண்டு. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது வீடு வீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 2024 ஜூலை 30-ந் தேதி வயநாட்டில் நிலம் சரிந்து ஊர்களே புதைந்தபோது மண்ணில் இறங்கித் தேடியவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி 6,200 என்கிற எண்ணிக்கை அல்ல. "நிலையத்துக்கு 50 பேர்" என்பதுதான். யார் யார் என்பது நிலைய அலுவலருக்குத் தெரியும். எந்த அலுவலர் என்பது அந்த 50 பேருக்கும் தெரியும். கொழுந்துவிட்டு எரியும்போது ஒருத்தரை ஒருத்தர் முகம் பார்த்து விசாரித்துக்கொண்டிருக்க முடியாது.

நம் பக்கம் எப்படி? தன்னார்வலர்களே இல்லை என்று சொல்ல முடியாது. ஊர்க்காவல் படை இருக்கிறது. ஆனால் அது போலீசோடு சேர்ந்தது. திருவிழாக் கூட்டம், போக்குவரத்து என்று வேலை பார்க்கிறது. குடிமைப் பாதுகாப்புச் சட்டம் 1968-ல் வந்தது. அதில் தீயணைப்புப் பிரிவும் உண்டு. ஆனால் அது எதிரி விமானம் வரக்கூடிய ஊர்களுக்கு என்றே வளர்ந்த ஏற்பாடு. 2025 மே 7-ந் தேதி நாடு முழுவதும் போர்க்கால ஒத்திகை நடந்தபோது தமிழ்நாட்டில் சென்னைப் பக்கமும் கல்பாக்கத்திலும்தான் சங்கு ஊதியது.

மூன்றாவதாக "ஆப்த மித்ரா". ஆபத்துக் காலத்து நண்பன் என்று பொருள். மத்திய அரசின் திட்டம். 2016-ல் 6,000 பேரோடு தொடங்கி, 2021-ல் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேர் என்று விரிந்தது. 12 நாள் பயிற்சி. அவசரகாலப் பை ஒன்று. நல்ல திட்டம்தான். ஆனால் இது பேரிடர் நிர்வாகத்தின் திட்டம். மாவட்ட நிர்வாகத்தின் பட்டியலில் பெயர் இருந்து என்ன பயன், தீ எரிகிற ஊரின் நிலையத்துச் சுவரில் அந்த டெலிபோன் நம்பர் ஒட்டியிருந்தால் அல்லவா கூப்பிட முடியும்?

கை வெந்தால் யார் பொறுப்பு?

முக்கியமான கேள்வி இதுதான். தீயணைப்பு வீரர் பணியில் இறந்தால் குடும்பத்துக்கு ஓய்வூதியம் உண்டு, அரசின் உதவித்தொகை உண்டு. குடத்தோடு ஓடிய பக்கத்து வீட்டுக்காரர் இறந்தால்? முதல்-அமைச்சர் நிவாரண நிதியிலிருந்து ஏதாவது கிடைத்தால் உண்டு. அதுவும் கருணைதான், உரிமை இல்லை.

ஆப்த மித்ரா திட்டத்தில் ஆயுள், மருத்துவ இன்சூரன்ஸ் வைத்தார்கள். அதுவும் 3 வருடத்துக்கு மட்டும். பயிற்சி மறக்காது, தீ என்றால் 4-வது வருடமும் ஓடத்தான் செய்வார். அவரிடம் போய், "அண்ணே, உங்க இன்சூரன்ஸ் தேதி முடிஞ்சிருச்சு, நீங்க நில்லுங்க" என்று யார் சொல்வது?

தீயணைப்புத் துறையில் இருக்கிறவர்களுக்கு வேறு ஒரு கவலை. இலவசமாக ஆள் கிடைத்தால் காலி இடங்களை நிரப்பாமலே இழுத்தடிப்பார்களோ என்று. நியாயமான கவலை. ஊர்க்காவல் படை அனுபவம் கண்முன்னே இருக்கிறது. தொண்டு என்று தொடங்கி, பல மாநிலங்களில் தினப்படிக்கு வேலை வாங்குவதில் முடிந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2015 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. நிரந்தர வேலை கேட்க முடியாது. ஆனால் பணிக்கு அழைத்த நாளுக்குப் போலீஸ்காரரின் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஈடாகப் படி கொடுக்கவேண்டும் என்றது கோர்ட்டு. தன்னார்வலர் காலி இடத்தை அடைக்கிற ஆணி அல்ல என்பதை முதல் நாளே எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் கோர்ட்டுப் படி ஏறவேண்டாம்.

ஓடியவர்களே பலியாவது உண்டு!

ஆர்வம் இருந்தால் மட்டும் போதாது. பாழுங்கிணற்றில் ஆடு விழுந்தது என்று ஒருத்தர் இறங்குவார். விஷவாயு தாக்கி மயங்குவார். அவரைத் தூக்க அண்ணன் இறங்குவார். அண்ணனைத் தூக்க மாமன். கடைசியில் ஆடு உயிரோடு இருக்கும், ஆட்கள் இருக்க மாட்டார்கள். விளக்கு அணைந்தால் இறங்காதே என்று பெரியவர்கள் சொன்னது சரிதான். ஆனால் விளக்கு அணையாத விஷவாயுவும் உண்டு. சில வாயுக்கள் அந்த விளக்கிலேயே பற்றிக்கொள்ளும். இடுப்பில் கயிறும் மூச்சுக்கருவியும் இல்லாமல் இறங்கக்கூடாது என்பது பயிற்சியின் முதல் பாடம்.

எரிகிற எண்ணெய்ச் சட்டியில் தண்ணீரை ஊற்றுகிறவர் இன்னும் இருக்கிறார். காஸ் நாற்றம் வந்ததும் லைட் சுவிட்சைத் தட்டிப் பார்க்கிறவரும் இருக்கிறார். சேலம் கருங்கல்பட்டியில் 2021 நவம்பர் 23-ந் தேதி விடிவதற்குள் சமையல் காஸ் வெடித்து வீடுகள் இடிந்து விழுந்ததை இந்த ஊர் மறக்காது. 2022 டிசம்பர் 31-ந் தேதி மோகனூரில் வீட்டில் வைத்திருந்த பட்டாசு வெடித்துத் தெருவே அதிர்ந்தது. இப்படிப்பட்ட இடங்களில் முதலில் கூடுவது பக்கத்துத் தெருக்காரர்கள்தான். எந்தச் சுவர் இனிமேல் விழும், எங்கே இன்னொரு சிலிண்டர் கிடக்கிறது என்று பார்க்கத் தெரியாமல் இடிபாட்டில் ஏறினால் காப்பாற்ற வந்தவரையே காப்பாற்ற வேண்டிவரும்.

டேங்கர் லாரி கவிழ்ந்தால் கேட்கவே வேண்டாம். பாகிஸ்தானில் அகமதுபூர் என்ற ஊரில் 2017 ஜூனில் பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்தது. சிந்திய பெட்ரோலை அள்ள ஜனம் குடத்தோடு ஓடியது. தீப்பிடித்து 200 பேருக்கு மேல் மாண்டார்கள். கூட்டத்தை 100 மீட்டர் தள்ளி நிறுத்தத் தெரிந்த பத்துப் பேர் அந்த ஊரில் இருந்திருந்தால்!

அந்தப் பத்துப் பேருக்கு நாமக்கல்லில் பஞ்சம் இல்லை. காஸ் டேங்கர் லாரிகளுக்குப் பேர்போன ஊர். ஆபத்தான சரக்கு ஓட்டுகிற டிரைவர்களுக்குத் தனிப் பயிற்சி கட்டாயம் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. எந்த வால்வு எங்கே இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பது அவர்களுக்கு அன்றாடத் தொழில். சேலம் உருக்காலை, மேட்டூர் அனல் மின் நிலையம் போன்ற இடங்களில் தீயோடு பழகிய தொழிலாளர்கள் ஏராளம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களுக்கு ஆழ்துளையும் தெரியும், பாறையும் தெரியும். ஆளைத் தேடி அலையவேண்டியது இல்லை. பெயரை எழுத நோட்டுப் புத்தகம்தான் வேண்டும்.

சட்டத்தில் இடம் இல்லையா என்றால், உண்டு. தேவைப்பட்டால் தன்னார்வலர்களைச் சேர்த்துத் துணைத் தீயணைப்புப் படை அமைக்கலாம் என்ற பிரிவு இந்தியாவின் பல மாநிலச் சட்டங்களில் இருக்கிறது. பணம்? மாநிலங்களின் தீயணைப்புத் துறையை விரிவாக்கவும் நவீனமாக்கவும் மத்திய அரசு 2023-ல் 5,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. வண்டியும் கருவியும் வாங்குகிற பேச்சில் இன்சூரன்சுக்கு ஒரு வரி எழுதினால் கஜானா காலியாகிவிடாது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-ல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து மாண்ட 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக நடப்பது. அந்த வாரம் பள்ளிக்கூடம், பஸ் நிலையம், ஆஸ்பத்திரி என்று செய்முறை விளக்கம் காட்டுவார்கள். ஜனம் வேடிக்கை பார்த்துக் கைதட்டும்.

கேரளக் கணக்கை இங்கே போட்டுப் பார்த்தால், 20 நிலையங்களுக்கு 1,000 பேர். பகல் வேலைக்காரர்கள் மட்டும் போதாது. தீ பெரும்பாலும் ஊர் உறங்கும்போது பெரிதாகிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில் ராத்திரி ஷிப்டுக்காரர்கள் 2 மணிக்கும் விழித்திருக்கிறார்கள். தறிச் சத்தத்தில் போன் மணி கேட்காது. ஆள் அனுப்பித்தான் கூப்பிடவேண்டும்.